ரேகைச் சட்டமும் நாமும்: காலனிய நீக்கத்தையும் சமூகநீதியையும் சேர்த்துப் படிப்பது

(முதுகலை மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



காலனிய நீக்கச் சிந்தனையையும் சமூகநீதிக் கோட்பாட்டையும் அறிமுகப்படுத்திப் பேச வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். இந்தத் தலைப்பில் பேச வருபவர்கள் ஃபனான், எமே செசேர், அனிபால் கிஹானோ என்று வரிசையாகப் பெயர்களைச் சொல்லிக்கொண்டு போவார்கள். நீங்களும் குறிப்பெடுப்பீர்கள், தேர்வில் எழுதுவீர்கள், அதோடு மறந்துவிடுவீர்கள். அதனால் இன்று ஒரே ஒரு சட்டத்தை மட்டும் உங்கள் முன் விரித்து வைக்கிறேன். தேவைப்படும் இடத்தில் சிந்தனையாளர்களை அழைத்துக்கொள்வோம்.

1871ஆம் ஆண்டின் 27ஆவது சட்டம் அது. நம் ஊர்களில் கைரேகைச் சட்டம் என்றும், ரேகைச் சட்டம் என்றும், குற்றப் பரம்பரைச் சட்டம் என்றும் சொல்வார்கள். முதலில் வட இந்தியப் பகுதிகளில் நடைமுறைக்கு வந்தது. அதன் தலைப்பிலேயே இரண்டு வகை மக்கள் இருந்தார்கள். ஒரு வகையினர், ‘குற்றப் பழங்குடிகள்’ என்று அரசு முத்திரை குத்திய சமூகங்கள். இன்னொரு வகையினர், இன்று நாம் திருநங்கையர் என்று அழைக்கும் மக்கள். அவர்களையும் பதிவேட்டில் ஏற்றினார்கள். பதிவேட்டில் ஏறியவர் பெண்ணுடை உடுத்திப் பொது இடத்தில் ஆடினால் இரண்டு ஆண்டுவரை சிறை. பிழைப்புக்காக ஊர் ஊராகப் போகிறவர்களும், ஆண் பெண் என்ற இரண்டு கட்டங்களுக்குள் அடங்காதவர்களும் ஏன் ஒரே சட்டத்தில் வந்தார்கள்? ஓர் இடத்தில் நிறுத்தி, எண்ணி, வரி வாங்கி, கண்காணிக்க முடியாதவர்கள் என்று அந்த அரசு இருவரையும் கண்டு அஞ்சியது. சமூகநீதிக் கோட்பாட்டில் ஒடுக்குமுறைகள் ஒன்றையொன்று வெட்டிக் குறுக்கிடும் இடங்களைப் பற்றிப் படிப்பீர்கள். 1989இல் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா அதற்கு ஒரு பெயர் கொடுத்தார். அதற்கு 118 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பேரரசு அந்த இடத்தைக் கண்டுபிடித்து, தன் காரியத்துக்குப் பயன்படுத்திக்கொண்டது.

சட்டத்தின் உள்ளே போவோம். ஒரு சமூகம் வழக்கமாகக் குற்றம் செய்கிறது என்று மாகாண அரசு கருதினால், அதை அறிவிக்கை செய்யலாம். அறிவிக்கை வந்துவிட்டால் அதுவே முடிந்த முடிவு. எந்த நீதிமன்றமும் அதன் செல்லுபடியைக் கேள்வி கேட்க முடியாது. இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். குற்றச்சாட்டு, விசாரணை, சாட்சி, தீர்ப்பு என்ற சட்டத்தின் ஆட்சியை இந்தியர்களுக்குக் கொண்டுவந்தது வெள்ளை அரசு என்று பாடநூலில் படித்திருக்கிறோம். இங்கே குற்றச்சாட்டும் கிடையாது, விசாரணையும் கிடையாது. பிறந்ததே குற்றத்துக்குச் சாட்சி ஆனது.

இதற்கு ஆங்கிலேய அதிகாரிகள் சொன்ன நியாயம் என்ன தெரியுமா? இந்தியாவில் தொழில் பரம்பரையாக வருகிறது, தச்சர் மகன் தச்சர், நெசவாளர் மகன் நெசவாளர், அப்படியானால் திருட்டையே குலத்தொழிலாகக் கொண்ட சாதிகளும் இருந்தாக வேண்டும் என்று வாதாடினார்கள். இந்த வாதத்தை முழுக்க லண்டனில் செய்த சரக்கு என்று சொல்லிவிட முடியாது. பிறப்பு தொழிலைத் தீர்மானிக்கும், தொழில் குணத்தைத் தீர்மானிக்கும் என்பது இந்த மண்ணில் சாதியின் மேல்தட்டில் இருந்தவர்கள் நெடுங்காலமாகப் பேசிவந்த பேச்சு. அதிகாரிகள் அந்தப் பேச்சைக் கேட்டார்கள். ஐரோப்பாவில் அப்போது வளர்ந்துவந்த இன அறிவியலோடு சேர்த்தார்கள். சட்டமாக்கினார்கள். காலனியமும் சாதியும் கைகுலுக்கிக்கொண்ட இடம் இது. நான் இன்று சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான். இந்த இரண்டில் ஒன்றை மட்டும் பார்க்கிறவருக்கு இரண்டுமே சரியாகத் தெரியாது.

பெரு நாட்டுச் சமூகவியலாளர் கிஹானோ எழுதியதை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள். காலனி அரசின் நிர்வாகம் போய்விட்டாலும், அது உண்டாக்கிய மனித வகைப்பாடு போகாது என்றார் அவர். யார் எந்த இனம், எந்த இனம் எந்த வேலைக்கு என்று மக்களைப் பிரித்து வைத்த அந்த ஏற்பாடு, கொடி மாறிய பிறகும் உழைப்பையும் அறிவையும் அதிகாரத்தையும் ஆண்டுகொண்டிருக்கும் என்பது அவர் கருத்து. அவர் லத்தீன் அமெரிக்காவைப் பார்த்து எழுதினார். நாம் அதை எடுத்துக்கொள்ளும்போது ஒரு திருத்தம் தேவை. இங்கே வகைப்பாடு என்ற வேலை ஐரோப்பியர் வருவதற்கு முன்பே நடந்துகொண்டிருந்தது. காலனிய அரசு அதைக் கணக்கெடுத்தது, இறுக்கியது, பதிவேட்டில் ஏற்றியது.

1911இல் புதிய சட்டம் வந்தது. சென்னை மாகாணமும் அதன் கீழ் வந்தது. ரேகை எடுக்கும் அதிகாரமும் அதில் சேர்ந்தது. ரேகையின் கதையே தனிக் கதை. உலகின் முதல் கைரேகைக் கூடம் 1897இல் கல்கத்தாவில் தொடங்கப்பட்டது. லட்சக்கணக்கான ரேகைகளை எப்படி வகை பிரித்து அடுக்குவது, தேவையானதை எப்படித் தேடி எடுப்பது என்ற கணக்கை வகுத்ததில் பெரும்பங்கு வகித்தவர்கள் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியப் போலீஸ் ஊழியர்கள். ஆனால் அந்த முறைக்கு வைத்த பெயர் அவர்களின் மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயர். 1901இல் அந்த முறை லண்டன் ஸ்காட்லாந்து யார்டுக்குப் போனது, ஹென்றியும் போனார். காலனியில் அறிவு எப்படிப் பிறக்கிறது, யார் பெயரில் ஊர் சுற்றுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. இன்னொன்றும் இதில் இருக்கிறது. மார்த்தினிக் கவிஞர் செசேர் 1950இல் எழுதிய காலனியம் பற்றிய உரையில், காலனிகளில் பழகிய கொடுமை கடைசியில் ஐரோப்பாவுக்கே திரும்பிவரும் என்று வாதிட்டார். கண்காணிப்புக் கருவிகளைப் பொறுத்தவரை அது எழுத்துக்கு எழுத்து நடந்தது.

அறிவு என்றதும் எட்கர் தர்ஸ்டனைச் சொல்லாமல் போக முடியாது. எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். ரங்காச்சாரியின் துணையோடு 1909இல் தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றி 7 தொகுதிகள் வெளியிட்டவர். உங்கள் நூலகத்திலும் இருக்கும். உங்களில் பலர் ஆய்வேட்டில் மேற்கோளும் காட்டியிருப்பீர்கள். அவர் மூக்கின் அகலத்தையும் மண்டையின் நீளத்தையும் அளக்கும் கருவிகளோடு ஊர் ஊராகப் போனார். அளவெடுக்க வந்தவரைக் கண்டு மக்கள் பயந்து ஓடியதை அவரே பதிவு செய்திருக்கிறார். காவல்துறையினருக்கும் அருங்காட்சியகத்தில் மானுடவியல் பாடம் எடுத்தார். தர்ஸ்டனைப் படிக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. படியுங்கள். ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும், இந்தத் தகவலை யார் யாரைப் பற்றிச் சொன்னார்கள், எந்த அச்சத்தில் சொன்னார்கள், அது யார் கைக்குப் போனது என்று கேட்டுக்கொண்டே படியுங்கள். மாவோரி அறிஞர் லிண்டா துஹிவாய் ஸ்மித் 1999இல் ஆய்வு முறைகள் பற்றி எழுதிய நூல் முழுவதும் இந்தக் கேள்விதான். ஆய்வுக்கு ஆளானவர்களின் பக்கம் நின்று ஆய்வைப் பார்த்தவர் அவர்.

இப்போது குறவர்களைப் பார்ப்போம். கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்கு மாட்டிலும் கழுதையிலும் உப்பு ஏற்றிப் போனவர்கள் உப்புக் குறவர்கள். போகும்போது உப்பு, வரும்போது தானியம். ரயில் வந்தது. உப்பு அரசின் பிடிக்குப் போனது. காட்டுச் சட்டங்கள் வந்து மேய்ச்சலும் மூங்கிலும் கைவிட்டுப் போயின. 1876 முதல் 1878 வரை பெரும் பஞ்சம். ஒரு வணிகச் சமூகத்தின் பிழைப்பு ஒரு தலைமுறைக்குள் அழிந்தது. பிழைப்பை அழித்த அதே அரசு, பிழைப்பில்லாமல் அலைபவர்கள் என்று சொல்லி அவர்களைக் குற்றப் பட்டியலில் சேர்த்தது. வரலாற்றாய்வாளர் மீனா ராதாகிருஷ்ணா இந்த வரலாற்றை ஆவணங்களோடு எழுதியிருக்கிறார்.

பட்டியலில் சேர்ந்தவர்களை என்ன செய்வது? குடியேற்றங்களில் அடைத்தார்கள். குண்டூர் பகுதியில் ஸ்டுவர்ட்புரம் என்ற குடியேற்றம் ரட்சணிய சேனையின் பொறுப்பில் நடந்தது. சேனையின் இந்தியத் தலைவர் பூத் டக்கர் முன்பு இந்திய ஆட்சிப் பணியில் இருந்தவர். குற்றத்தைக் குணப்படுத்தும் கலை ஒன்றையே உருவாக்கி, கிரிமினோகியூராலஜி என்று அதற்குப் பெயரும் வைத்தார். அங்கிருந்தவர்கள் சீராலாவின் புகையிலைத் தொழிற்சாலைக்குக் கூலியாட்களாகப் போனார்கள். சீர்திருத்தம் என்ற பேரில் மலிவான உழைப்பு கிடைத்தது. 6 முதல் 18 வயதுவரையான பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துப் பள்ளியில் வைக்கவும் சட்டத்தில் இடம் இருந்தது. ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்த வரலாறு இன்று உலகறிந்தது. அந்த அரசுகள் மன்னிப்பும் கேட்டுவிட்டன. நம் ஊர்ப் பிள்ளைகளிடம் யாரும் கேட்கவில்லை.

மதுரைப் பக்கம் வருவோம். 1914இல் கீழக்குயில்குடிக் கள்ளர்கள் மீது சட்டம் பாய்ந்தது. சில ஆண்டுகளில் பிரமலைக் கள்ளர் சமூகம் முழுவதும் அதன் கீழ் வந்தது. ஊரைவிட்டு வெளியே போக ராதாரிச் சீட்டு வேண்டும். குறித்த நேரத்தில் போய்த் தன் இருப்பைக் காட்ட வேண்டும். வயசுப் பிள்ளைகளும் புது மாப்பிள்ளைகளும்கூட இரவில் போலீஸ் கச்சேரியிலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டியிருந்ததை அந்த ஊர்ப் பெரியவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி, உசிலம்பட்டிப் பகுதியில் உள்ள பெருங்காமநல்லூரில் ரேகை பதிய மறுத்துத் திரண்ட மக்கள்மீது போலீஸ் சுட்டது. 16 பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் மாயக்காள் என்ற பெண். ஜாலியன் வாலாபாக் நடந்து ஓராண்டுகூட ஆகாத நேரம் அது. ஜாலியன் வாலாபாக்கை இந்தியா முழுவதும் பள்ளிப் பிள்ளைகள் படிக்கிறார்கள். பெருங்காமநல்லூரை மதுரையைத் தாண்டினால் எத்தனை பேருக்குத் தெரியும்? நாட்டுக்காகச் செத்தவர்கள் என்ற சட்டகத்தில் அடங்காத சாவுகளை நம் வரலாறு வெளியே நிறுத்தியது. பாதிக்கப்பட்ட மக்களுக்காக வழக்காடிய ஜார்ஜ் ஜோசப்பை அந்த மக்கள் ரோசாப்பூ துரை என்று அன்போடு நினைவில் வைத்திருக்கிறார்கள்.

இதோடு நிறுத்தினால் கதை எளிதாக இருக்கும். வெள்ளையன் ஒடுக்கினான், நம்மவர் எதிர்த்தார்கள் என்று கைதட்டிவிட்டுக் கலையலாம். ஆனால் அதே உசிலம்பட்டி வட்டாரத்தில்தான் பாப்பாபட்டியும் கீரிப்பட்டியும் இருக்கின்றன. 1996இல் அந்த ஊராட்சிகளின் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. அங்கே ஒழுங்காக ஒரு தேர்தல் நடத்தி, தேர்ந்தெடுக்கப்பட்டவரை நாற்காலியில் உட்கார வைக்க 2006 வரை பத்து ஆண்டுகள் ஆயின. தலித் தலைவரை ஏற்க மறுத்து நின்றவர்கள், ரேகைச் சட்டத்தால் சிதைக்கப்பட்ட அதே சமூகத்தைச் சேர்ந்தவர்கள். இதை நான் எந்தச் சமூகத்தையும் குற்றக் கூண்டில் ஏற்றுவதற்காகச் சொல்லவில்லை. ஒரு சமூகத்தையே மொத்தமாகக் குற்றவாளி என்பது எவ்வளவு பெரிய அநீதி என்றுதானே இவ்வளவு நேரம் பேசினோம். ஆனால் பேரரசால் மிதிக்கப்பட்டவர்கள் என்பதாலேயே, தமக்குக் கீழே உள்ளவர்களை மிதிக்காமல் இருந்துவிட மாட்டார்கள். காலனிய எதிர்ப்பு மட்டும் பேசும் கோட்பாட்டுக்குப் பெருங்காமநல்லூர் தெரியும், பாப்பாபட்டி தெரியாது. சாதி மட்டும் பேசி வரலாற்றை விட்டுவிடும் கோட்பாட்டுக்குப் பாப்பாபட்டி தெரியும், பெருங்காமநல்லூர் தெரியாது. சில மைல்களுக்குள் இருக்கும் ஊர்கள் இவை. இரண்டையும் ஒரே மூச்சில் பேசத் துணியாதவர் சமூகநீதி பேசக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இந்தத் துணிச்சலை நான் யாரிடம் கற்றேன் என்றால், 1930 நவம்பரில் லண்டன் வட்டமேசை மாநாட்டில் பேசிய அம்பேத்கரிடம். ரெட்டைமலை சீனிவாசனும் அந்த மாநாட்டில் இருந்தார். பிரிட்டிஷ் ஆட்சியைப் பார்த்து அம்பேத்கர் கேட்டதன் சாரம் இது. நீங்கள் வருவதற்கு முன் நாங்கள் ஊர்க் கிணற்றில் நீரெடுக்க முடியாது, கோயிலுக்குள் போக முடியாது, போலீஸில் சேர முடியாது. உங்கள் ஆட்சி இத்தனை ஆண்டு நடந்தும் அதில் எதை மாற்றினீர்கள்? ஆகவே இந்த அரசு போக வேண்டும். அடுத்த மூச்சிலேயே சொன்னார்: போகிற அதிகாரம் யார் கைக்கு வருகிறது என்பது எங்களுக்கு முக்கியம், எங்களுக்குப் பங்கில்லாத சுயாட்சி எங்களுக்குச் சுயாட்சி ஆகாது. ஃபனானுக்கு அப்போது வயது ஐந்து. அல்ஜீரியாவின் பிளிடா மருத்துவமனையில் மனநல மருத்துவராகப் பணியாற்றி, காலனிப் போர் மனித மனத்தை என்ன செய்கிறது என்று கண்கூடாகப் பார்த்த ஃபனான், 1961இல் வந்த தன் கடைசி நூலில் இதே எச்சரிக்கையை வேறொரு திசையிலிருந்து சொன்னார். வெள்ளையர் எழுந்துபோன நாற்காலியில் உள்ளூர் மேல்தட்டு உட்கார்ந்துகொண்டு, அதையே விடுதலை என்று மக்களிடம் சொல்லும் என்றார். இருவரும் சந்தித்ததில்லை. இருவரையும் சேர்த்துப் படிப்பது உங்கள் தலைமுறையின் வேலை. இன்னும் பின்னே போனால் ஜோதிராவ் பூலே இருக்கிறார். 1873இல் எழுதிய ‘குலாம்கிரி’ நூலை, அமெரிக்காவில் கறுப்பின மக்களின் அடிமைத்தளையை ஒழிக்கப் போராடியவர்களுக்குக் காணிக்கையாக்கினார். உலகளாவிய பார்வை நமக்கு மேல்நாட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து இறக்குமதியான ஒன்று என்று யாரும் சொன்னால் இதை எடுத்துக் காட்டுங்கள்.

விடுதலைக்குப் பிறகு என்ன ஆனது? சென்னை மாகாணம் 1947இலேயே ரேகைச் சட்டத்தை நீக்கியது. நாடு முழுவதும் 1952 ஆகஸ்டு 31இல் நீங்கியது. சீர்மரபினர், அதாவது குற்றப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட சமூகத்தவர், அந்த நாளைத் தங்கள் விடுதலை நாளாகக் கொண்டாடுகிறார்கள். நாட்டின் விடுதலைக்கும் அவர்கள் விடுதலைக்கும் ஐந்து ஆண்டு இடைவெளி. ஆனால் சென்னையில் 1948இலேயே வழக்கக் குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்துவிட்டது. சாதிப் பெயர் போனது, தனிமனிதப் பெயர் வந்தது. பதிவேடு இருந்தது, இருப்பைக் காட்டும் கடமை இருந்தது. எந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்று போலீஸுக்குப் பழக்கத்தில் தெரிந்தே இருந்தது.

‘ஜெய் பீம்’ படம் 2021இல் வந்தபோது நீங்கள் எல்லோரும் பார்த்து அழுதிருப்பீர்கள். அதற்கு அடிப்படையான 1993ஆம் ஆண்டு வழக்கில் காவல் நிலையத்தில் அடித்துக் கொல்லப்பட்டவர் குறவர் சமூகத்தவர். கணவரைத் தேடி அலைந்த அவர் மனைவி சொன்னதை முதலில் எந்த அலுவலகமும் நம்பவில்லை. திருட்டுப் பழியை நம்ப ஒரு நொடி போதுமாக இருந்தது, அவர் சொன்ன உண்மையை நம்ப உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. தத்துவ அறிஞர் மிராண்டா ஃபிரிக்கர் 2007இல் எழுதிய நூலில் இந்த வகை அநீதியைத்தான் ஆராய்கிறார். ஒருவர் யார் என்பதை வைத்து அவர் வார்த்தைக்கு மதிப்பைக் குறைத்து வைப்பது, ஓர் அறிபவராக அவருக்கு இழைக்கும் அநீதி என்கிறார். நிலம், கூலி, இட ஒதுக்கீடு ஆகியவை சமூகநீதியின் பெரும்பகுதி. அவற்றோடு, ஒருவர் பேச்சு நம்பப்படுவதும் அவருக்குச் சேர வேண்டிய பங்குதான்.

கடைசியாக ஓர் ஆவணம். 2024 அக்டோபர் 3ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கு. சிறைகளில் சாதி பார்த்து வேலை பிரிப்பது, துப்புரவு வேலையைக் குறிப்பிட்ட சாதியினருக்கே ஒதுக்குவது, சீர்மரபினரைப் பிறவிக் குற்றவாளிகளாக நடத்துவது ஆகியவற்றுக்கு இடம் தரும் சிறை விதிகள் செல்லாது என்று அது சொன்னது. சிறைப் பதிவேடுகளில் சாதிக் கட்டத்தை நீக்கச் சொன்னது. சிறைக் கையேடுகளைத் திருத்த மூன்று மாத அவகாசம் கொடுத்தது. 1871இன் நிழல் 2024 வரை சிறைக் கையேடுகளில் அச்சில் இருந்தது என்பதற்கு அந்தத் தீர்ப்பே சான்று. கோட்பாட்டுக்கு வகுப்பறைக்கு வெளியே என்ன வேலை என்று கேட்பவர்கள் அதைப் படிக்க வேண்டும். காலனிய வரலாறும் சாதி பற்றிய ஆய்வுகளும் அதில் சட்ட வாதங்களாகவே வேலை செய்கின்றன.

உங்களில் பலர் இந்த ஆண்டு ஆய்வேடு எழுதத் தலைப்புத் தேடிக்கொண்டிருப்பீர்கள். மேல்நாட்டு அறிஞர் ஒருவரின் சட்டகத்தை எடுத்து ஒரு நாவல்மீது பொருத்திப் பார்க்கும் ஆய்வேடுகள் போதும் என்று நினைக்கிறேன். உங்கள் மாவட்டத்தில் ரேகைச் சட்டத்தின் கீழ் இருந்த சமூகங்கள் எவை என்று பாருங்கள். குடியேற்றங்கள் இருந்த இடங்களுக்குப் போங்கள். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது, அரசாணைகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். பிறகு அந்த ஊருக்குப் போய், பட்டியலில் இருந்தவர்களின் பேரப்பிள்ளைகளிடம் கேளுங்கள். அதே ஊரின் சேரிக்கும் போய், அங்கே உள்ளவர்களிடமும் கேளுங்கள். அவர்கள் சொன்னதை அவர்கள் ஒப்புதலோடு எழுதுங்கள், எழுதியதை அவர்களிடம் கொண்டுபோய்ப் படித்துக் காட்டுங்கள். அவர்கள் திருத்தச் சொன்னால் திருத்துங்கள். அதன்பிறகு ஃபனானைத் திறந்து படித்துப் பாருங்கள், அவர் உங்களோடு பேசுவார்.